லூமிங் அம்மா வீட்டு மரியாதை

உட்காருங்க தம்பி. அந்த மூங்கில் பெஞ்சு ஆடும், இந்தப் பக்கமா வந்துடுங்க. பையை விட்டுடுங்க, ரோடெல் உள்ளே கொண்டுபோய் வெச்சிடுவான். வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டான். விருந்தாளி கையில பாரம் இருக்கிறதை இந்த வீட்டுல பொறுத்துக்க மாட்டாங்க. நான் வந்து இறங்கின அன்னிக்கும் இதே கதைதான்.

படகு நாலு மணிக்குத்தான். நேரம் கிடக்கு. நான் நேர்ல ஒருத்தர்கிட்ட தமிழ்ல பேசி நாப்பத்தேழு நாளாச்சு. மனசுக்குள்ளேயே பேசிப் பேசி நாக்கு தடிச்சுப் போச்சு. நீங்க சாப்பிடுங்க, நான் பேசறேன். அந்தக் குழம்பு நம்மூர்க் குழம்பு மாதிரி இருக்காது, இஞ்சித் தண்ணியில மீன் போட்ட மாதிரி இருக்கும். ஆனா வயித்தைக் கெடுக்காது.

என் பேரு அங்கமுத்து. ஒட்டன்சத்திரம். என் பையன் யுகேந்திரன் சொல்லித்தானே வந்திருக்கீங்க, நான் என்ன புதுசா சொல்றது. அரசு பஸ்ஸுல முப்பத்தொரு வருஷம். கடைசிப் பதினாலு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். பஸ்ஸை நிறுத்தி ஏறினேன்னா டிக்கெட்டை அப்புறம்தான் பார்ப்பேன், முதல்ல மூஞ்சிதான். எடுக்காதவன் என்னைப் பார்க்க மாட்டான், ஜன்னலைப் பார்ப்பான். பர்ஸ் தொலைஞ்சு போச்சும்பான், கண்டக்டர் வரலைம்பான், அடுத்த ஸ்டாப்புல எடுக்கிறேம்பான். எல்லாம் எனக்கு அத்துப்படி. என்கிட்ட தப்பிச்சவன் கிடையாது தம்பி.

இங்க வந்த முதல் நாளைச் சொல்றேன், கேளுங்க. படகை விட்டு இறங்கினேன். இந்த ரோடெல் வந்து நின்னான். இந்த வீட்டு மூத்த பையன், அப்பனும் மகனுமா படகு கட்டினவங்க. அடிக்கப் போறான்னுதான் நினைச்சேன். அடிச்சா வாங்கிக்கணும்னு மனசைத் திடப்படுத்திக்கிட்டு வந்தவன்தானே நான். அவன் குனிஞ்சான். என் வலது கையைப் பிடிச்சான். புறங்கையைத் தன் நெத்தியில வெச்சுக்கிட்டு ஏதோ சொன்னான். 'மானோ போ'ன்னான். எனக்கு அந்தப் 'போ' மட்டும்தான் காதுல விழுந்துச்சு. போங்கறானே, வந்த படகுலயே திருப்பி அனுப்பறானேன்னு நான் பையை எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டேன்னா பாருங்களேன்! அவன் சிரிச்சுட்டு என் பையை வாங்கிக்கிட்டான்.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆறு வருஷமா இந்த நாட்டுல இருக்கீங்க. பெரியவங்க கையை வாங்கி நெத்தியில வெச்சா ஆசீர்வாதம். பேசற வாக்கியத்துக்குக் கடைசியில ஒரு 'போ' போட்டா அது மரியாதை. எனக்கு அது பழக ஒரு வாரம் ஆச்சு. சாப்பிடுங்க போ, படுங்க போ, குளிங்க போ. நாள் பூரா போ போன்னு சொல்லிக்கிட்டே என்னைப் போக விடாம வெச்சிருக்கிற வீடு இது.

அன்னிக்கு வீட்டு வாசல்ல பதினோரு பேர் வரிசையா நின்னாங்க. ரோடெல் பொண்டாட்டி, அவன் பொண்ணு மாரிசெல், இங்க பள்ளிக்கூடத்துல டீச்சர், அவளுக்கு இங்கிலீஷ் வரும், அப்புறம் சின்னதுக, பக்கத்து வீட்டுக்காரங்க. ஒவ்வொருத்தரா என் கையை வாங்கி நெத்தியில வெச்சாங்க. யார் வீட்டுப் பெரியவர் செத்தாரோ, அந்த வீட்டு ஜனங்க. யார் வண்டியில அடிபட்டுச் செத்தாரோ, அந்த வண்டிக்காரனோட அப்பன் நான். ஒரே ஒருத்தங்க மட்டும் வரலை. லூமிங் அம்மா. செத்தவரோட சம்சாரம். எழுபத்து நாலு வயசு. உள்ளே நாற்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க வர மாட்டாங்க, என்னைவிட மூத்தவங்க இல்லையா. நான்தான் போய் அவங்க கையை வாங்கியிருக்கணுமாம். எனக்கு யார் சொன்னா? கும்பிட்டேன், அவ்வளவுதான்.

சோறு போட்டுக்கங்க. கடிகாரத்தைப் பார்க்காதீங்க, அது எப்பவும் முன்னே பின்னே ஓடும்.

நடந்தது என்னான்னா, போன வருஷம் டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒன்பது நாள் விடியக்காலையில பூசை வைப்பாங்களாம் இங்க. இருட்டு பிரியறதுக்கு முன்னாடி ஊரே கோயிலுக்கு நடக்கும். தியோடோரோங்கிற அந்தப் பெரியவரும் நடந்து போயிருக்கார். இந்த நாட்டுக் காலேஜுல படிச்சுக்கிட்டிருந்த என் பையன், லீவுக்கு இந்தத் தீவுக்கு வந்திருந்தான். வாடகைக்கு ஒரு மோட்டார் சைக்கிள். கோயில் வளைவுல ஒரு சின்ன ஆக்சிடென்ட். சின்னதுன்னுதான் அவன் சொன்னான். நாய் குறுக்கே வந்துச்சு, திருப்பினேன், அவர் மேல லேசா பட்டுச்சு, பயந்துட்டேன்பா அப்படின்னான். பயம் வராதா? புது ஊரு, புது பாஷை. விடியற முதல் படகுல ஏறி, மூணாம் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டான். அவர் அரை மணி நேரம் உயிரோட இருந்திருக்கார். அது எங்களுக்குத் தெரியாது.

இப்ப அவன் படிப்பு மூணாம் வருஷத்தோட நிக்குது. கேஸ் இருக்கு, திரும்பி வர முடியலை. குடும்பத்துக்காரங்க, எங்களுக்குப் புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்னு விஷயம் தெரிஞ்சவங்க சொன்னாங்க. சரி, நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்னு கிளம்பினேன். அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நல்ல பையன் தம்பி, அப்பனை அலைய வைக்க அவனுக்கு மனசில்லை.

வந்த மூணாம் நாள் பேப்பரை எடுத்து மேசை மேல வெச்சேன். பணத்தைப் பத்தி வாயெடுத்தேன், லூமிங் அம்மா கையைத் தூக்கி நிறுத்திட்டாங்க. மாரிசெல்கிட்ட மெதுவா நாலு வார்த்தை சொன்னாங்க. அவ எனக்கு இங்கிலீஷ்ல சொன்னா. பெரியவர் கீழே விழுந்து கிடந்தப்ப, வண்டி ஓட்டினவன் கிட்ட வந்து குனிஞ்சானாம். இவர் கையை நீட்டியிருக்கார். அவன் கையைப் பிடிச்சிருக்கார். அவன் உதறிட்டு ஓடிட்டானாம். சாகிறவர் அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கையைக் கொடுத்தேன், வாங்காமப் போயிட்டான்னு.

'அடிச்சது விதி. அதுக்கு நாங்க கோபப்படலை. கையை உதறினதுக்குத்தான் பதில் வேணும். அவன் வரட்டும். என் கையை வாங்கி அவன் நெத்தியில வைக்கட்டும். அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்.' அவ்வளவுதான் கேட்டாங்க. ஜெயில் வேண்டாம், காசு வேண்டாம். வந்து குனிஞ்சா போதும்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இம்புட்டுத்தானா! உடனே போன் பண்ணினேன். இங்க டவர் கிடைக்காது, கோயில் மேட்டுல ஏறினாத்தான் கிடைக்கும். ஆமா, உங்க போனும் எடுக்காது, உள்ளே வெச்சிடுங்க. 'யுகேந்திரா, டிக்கெட்டைப் போட்டு வாடா, அரை நிமிஷ வேலை'ன்னேன். பாஸ்போர்ட் எங்கே வெச்சேன்னு தெரியலைப்பான்னான். தேடுறான்னு நினைச்சேன். அடுத்த வாரம் காய்ச்சல்னான். அதுக்கு அடுத்த வாரம், அடுத்த மாசம் கண்டிப்பா வந்துடறேம்பான்னான். பாவம், ஒண்ணு மாத்தி ஒண்ணு அவனுக்கு ஏதாவது வந்துக்கிட்டே இருக்கு. அவன் பொய் சொல்ற பையன் இல்லை. சொன்னா எனக்குத் தெரியாதா?

ஆனா ஒண்ணு, ஒத்துக்கறேன். குனியறது அவனுக்கு வராது. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. என் அப்பா பண்ணையார் வாசல்ல செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னதை நான் பத்து வயசுல பார்த்திருக்கேன். அன்னிக்கே முடிவு பண்ணினேன், எனக்குன்னு ஒரு பிள்ளை பிறந்தா அவன் எவன் முன்னாடியும் குனியக் கூடாது. ஒன்பதாவது படிக்கிறப்ப ஸ்கூல் வாட்ச்மேனைத் தள்ளிவிட்டுட்டான். லேட்டா வந்தான்னு கேட்டை மூடியிருக்கார் அந்த ஆளு, இவன் தள்ள, அவர் விழுந்து மணிக்கட்டு போச்சு. வயசான மனுஷன். ஹெட்மாஸ்டர் என்ன சொன்னார்னா, பிரேயர்ல எல்லாரும் பார்க்க அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கணுமாம். 'என் பிள்ளை எவன் காலையும் தொட மாட்டான், டி.சி.யைக் கொடுய்யா'ன்னு வாங்கிட்டு வந்துட்டேன். ஸ்கூலே பார்த்துச்சு. யுகேந்திரன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்தான், அவன் மூஞ்சியில அன்னிக்கு ஒரு பெருமை. அதை நான் மறக்கவே மாட்டேன்.

சரி, அதை விடுங்க.

முதல் ஞாயித்துக்கிழமை, ஊருக்குப் போய் நானே அவனைக் கையோட கூட்டிட்டு வரலாம்னு கிளம்பினேன். யாரும் தடுக்கலை. ரோடெல் பொண்டாட்டி வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தா. படகுத்துறைக்குப் போனேன். படகுக்காரன் என்னைப் பார்த்தான், இறங்கி வந்தான், என் கையை நெத்தியில வெச்சான், என் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு இந்த வீட்டைப் பார்த்து நடந்துட்டான். நான் அவன் பின்னாடி ஓடி வரேன். வாசல்ல பையை இறக்கி வெச்சுட்டு மறுபடியும் ஒரு மானோ போ. போயிட்டான்.

அடுத்த தடவை வேற படகுக்காரன். அதே கதை. மூணாவது தடவை யாருக்கும் தெரியாம விடியறப்பவே போய், காய்கறிக் கூடைக்காரங்களுக்கு நடுவுல உட்கார்ந்துட்டேன். படகு கிளம்பிடுச்சு. கால் மணி நேரம் போயிருக்கும். படகுக்காரன் திரும்பிப் பார்த்தான். மோட்டாரைக் குறைச்சான், படகைத் திருப்பினான். முப்பது பேர் தம்பி, சந்தைக்குப் போறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க. ஒருத்தராவது முணுமுணுக்கணுமே! துறையில நான் இறங்கறப்ப முப்பது பேரும் ஒவ்வொருத்தரா என் கையை வாங்கி நெத்தியில வெச்சாங்க. வேர்த்த நெத்தி, குளிர்ந்த நெத்தி, காய்ச்சக்காரி நெத்தி. முப்பதாவது ஆள் வரைக்கும் கையை நீட்டிக்கிட்டே நின்னேன். அதுக்கப்புறம் நான் துறைப்பக்கம் போகலை.

இதைச் சிறைன்னு சொல்ல முடியுமா? போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார், நான் சொன்னேன். அவரும் கையை வாங்கி நெத்தியில வெச்சுட்டு, 'உங்களுக்குச் சாப்பாட்டுல குறையா போ?'ன்னார். குறையில்லையே! மீன்ல நடுத்துண்டு எனக்கு. கட்டில் எனக்கு, அந்தப் பெரியவர் படுத்த கட்டில். இந்தச் சட்டை அவரோடதுதான், தோள் கொஞ்சம் இறக்கம். மேசையில அவர் உட்கார்ந்த இடத்துலதான் நான் உட்காரணும். என் பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கலை. அதோ, மாதா சிலைக்குப் பக்கத்துல கண்ணாடி அலமாரியில இருக்கு. தினமும் பார்க்கலாம். சாவி அந்தம்மா இடுப்புல.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். எல்லாரும் நின்ன இடத்துல நின்னு ஜெபம் சொல்லுவாங்க. முடிஞ்சதும் சின்னவங்க பெரியவங்க கையை வாங்கணும். முதல்ல லூமிங் அம்மா கையை, அப்புறம் என் கையை. எல்லாம் முடிஞ்சதும் அந்தம்மா வாசலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுவாங்க. தினமும் அதே வார்த்தை. ஏதோ ஜெபம்னு நினைச்சு நானும் கையைக் கூப்பினேன். பத்து நாள் கழிச்சு மாரிசெல்கிட்ட கேட்டேன். 'இன்னும் ஒருத்தன் வரணும்'னு அர்த்தமாம்.

தண்ணி குடிங்க. வேர்க்குதே உங்களுக்கு. காத்து இல்லை இன்னிக்கு.

இருபதாம் நாள் நானே ஒரு யோசனை பண்ணினேன். மகனுக்குப் பதிலா அப்பன் குனிஞ்சா என்ன? அறுபத்து மூணு வயசுல, வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர் முன்னாடி குனிஞ்சேன் தம்பி. மணி அடிச்சு முடிஞ்சதும் போய் லூமிங் அம்மா கையைத் தொட்டேன். அவங்க கையை இழுத்துக்கிட்டாங்க. பாவாடையில துடைச்சுக்கிட்டாங்க. என்னமோ சொன்னாங்க, ஒரே ஒரு வார்த்தை. பொம்பளை கையை ஆம்பளை தொட்டதுல கூச்சமா இருக்கும்னு நினைச்சேன். மாரிசெல் பிறகு சொன்னா, 'உங்களுக்கு இல்லை'ன்னு சொன்னாங்களாம். எனக்கு இல்லைன்னா? நான் பெத்தவன்தானே? என்கிட்ட வாங்கிக்கக் கூடாதா?

மறுநாள் ஒரு துணி முடிச்சைக் கொண்டு வந்து அவிழ்த்தாங்க. உள்ளே ஒரு வெள்ளிக் காப்பு. வளைஞ்சு போய். பெரியவர் கைக்குள்ள இருந்துச்சாம், விரலைப் பிரிச்சு எடுத்தாங்களாம். வேல் பொறிச்ச காப்பு. பழனி அடிவாரத்துல ஆயிரம் கடையில விக்குது. என் பையன் ஒண்ணு போட்டிருந்தான், வாஸ்தவம், நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதுக்காக இது அதுன்னு ஆயிடுமா? உள்பக்கம் ஒரு எழுத்து வெட்டியிருந்துச்சு. தேய்ஞ்சு கிடக்கு. 'யு'ன்னும் படிக்கலாம், 'பு'ன்னும் படிக்கலாம். எனக்குக் கண்ணாடி வேற அன்னிக்குக் கையில இல்லை. எங்களுது இல்லைன்னு சொல்லிட்டேன். லூமிங் அம்மா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ரோடெல் படகுக்குப் பலகை இழைச்சுக்கிட்டிருந்தான்.

நாளைக்கு மறுநாள் பெரியவருக்கு வருஷம். அன்னியோட துக்கம் கழிச்சிடுவாங்க, கறுப்புத் துணியை எடுத்துடுவாங்க. ஒரு வாரமா வீட்டை வெள்ளையடிக்கிறாங்க. பன்னி ஒண்ணு கட்டிக் கிடக்கு பாருங்க. அந்த நாளுக்கு அப்புறம் என்ன ஆகும்னு ரோடெலைக் கேட்டேன். சிரிச்சான். என் கையை எடுத்து நெத்தியில வெச்சுட்டு, உளியைத் தீட்டப் போயிட்டான். அவன் சிரிக்கிறப்பதான் எனக்குப் பயமா இருக்கு. கோபப்பட்டா பரவாயில்லை.

ஏன் எழுந்திரிக்கிறீங்க? படகா? உட்காருங்க தம்பி. படகு போயிடுச்சு.

ஆமா. இன்னிக்கு, வியாழக்கிழமை, தண்ணி சீக்கிரமே வடியறதால மூணு மணிக்கே எடுத்துட்டான். நாலுன்னு நான்தான் சொன்னேன். இல்லை, மறந்து போய்ச் சொல்லலை. தெரிஞ்சேதான் சொன்னேன்.

கத்தாதீங்க. உள்ளே குழந்தை தூங்குது. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தத் தீவுக்கு முதல் தடவையா வர்றேன்னு சொன்னீங்க. வெளியாளுங்க எல்லாரும் கடைத்தெரு வழியா வீடு விசாரிச்சுக்கிட்டுத்தான் வருவாங்க. நீங்க யாரையும் கேக்கலை. கோயில் வளைவு வேண்டாம்னு தென்னந்தோப்புக்குள்ள புகுந்து பின்பக்கமா வந்தீங்க. நான் மாடியிலிருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பதினாலு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர் தம்பி நான்.

வண்டியில அன்னிக்கு ரெண்டு பேர் இருந்தாங்கன்னு ஊருக்கே தெரியும். மெழுகுவர்த்தி விக்கிற பொம்பளை பார்த்திருக்கா. இருட்டுல மூஞ்சி தெரியலை. வண்டியை வாடகைக்கு எடுத்தது என் பையன் பேர்ல. அதனால பழி அவன் தலையில விழுந்துச்சு. ஓட்டினது யாருன்னு எவன் பார்த்தான்?

முந்தாநாள் யுகேந்திரன் பேசினான். நான் கோயில் மேட்டுல நிக்கிறப்ப அவனாவே பேசினான், நான் கூப்பிடலை. அழுதான். 'உங்ககிட்ட ஒரு உண்மையை மறைச்சுட்டேம்பா. ஓட்டினது நான் இல்லை. சீனியர் குருபரன்தான் ஓட்டினார். நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். காட்டிக் கொடுக்க மனசு வரலை. உங்களுக்கு மாத்திரை கொடுக்கணும்னு சொல்லி வியாழக்கிழமை அவரை அங்க அனுப்பறேன். படகு போற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க. அவரை அவங்ககிட்ட விட்டுட்டு நீங்க கிளம்பி வந்துடுங்க' அப்படின்னான். ஒரு வருஷமா மனசுல வெச்சுப் புழுங்கியிருக்கான். எப்பேர்ப்பட்ட பிள்ளை பாருங்க!

நீங்கதான் பின்னாடி உட்கார்ந்திருந்தீங்களா? அப்படித்தான் சொல்லுவீங்க. டிக்கெட் எடுக்காதவன் எவனும் எடுக்கலைன்னு சொன்னதில்லை. ரெண்டு தடவை நிறுத்தச் சொன்னீங்களா? ஓடாதேடான்னு கூப்பிட்டீங்களா? ஏன் அன்னிக்கே வந்து சொல்லலை? பயம். ம். எல்லாருக்கும் பயம்தான்.

என்கிட்ட சண்டை போட்டு என்ன ஆகப் போகுது? பெரிசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க தம்பி. மரியாதையான ஜனங்க. நல்ல சோறு, நல்ல கட்டில். குனிஞ்சு கையை வாங்கிட்டீங்கன்னா முடிஞ்சுது. உங்களுக்கு முதுகு வளையும், என் பையனுக்குத்தான் வளையாது. உங்களையும் ஒரு தாய் பெத்திருப்பா, தெரியும், அதை நினைக்காம இல்லை. ஆனா எனக்கு ஒரே பிள்ளை.

இதோ வந்துட்டாங்க. எழுந்திரிங்க. லூமிங் அம்மா, இவர்தான். இவர். மாரிசெல், நீ சொல்லும்மா அவங்களுக்கு.

கையை நீட்டறாங்க பாருங்க! எனக்கு நீட்டாத கை. வாங்குங்க தம்பி. அப்படித்தான். நெத்தியில வெச்சீங்க. அவங்க இழுத்துக்கலை, பார்த்தீங்களா? கொடுத்துட்டாங்க. முடிஞ்சுது. அப்பாடா! ஒரு வருஷக் கணக்கு அரை நிமிஷத்துல தீர்ந்துச்சு. இனி அந்த அலமாரியைத் திறக்கச் சொல்லுங்க.

என்ன கேக்கிறாங்க உங்களை? யார் ஓட்டினதுன்னு கேக்கிறாங்களா? சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் அவங்க பாஷை நல்லா வருதே. என்னைப் பார்க்காதீங்க, அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க.

என்ன தம்பி, இவ்வளவு நீளமா பேசறீங்க? ஆமாம், நான்தான்னு சொல்ல எத்தனை வார்த்தை வேணும்? எதுக்கு அழறீங்க? மணிக்கட்டை எதுக்குப் பிடிச்சுக் காட்டறீங்க? நடுவுல என் பையன் பேரு எதுக்கு வருது? ரெண்டு தடவை வந்துச்சு, நான் கேட்டேன்.

மாரிசெல், என்னம்மா சொல்றார்?

ரோடெல் ஏன் தன் படகைத் தண்ணிக்குத் தள்ளறான்? யாருக்கு அது? தம்பி, நீங்க எங்க போறீங்க? உங்களை விட்டுட்டாங்களா? குருபரன் தம்பி, நில்லுங்க, ஒரு நிமிஷம். அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?

லூமிங் அம்மா, ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? எல்லாரும் ஏன் என்னையே பார்க்கிறீங்க? அவர் என்ன சொன்னார்? யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.